வீட்டில் ஓர் ஒலிப்பதிவறை

பாட்டுப் பதிவு செய்ய விரும்பும் பிள்ளைகள் முதலிற் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம், சுவாமி?" என்பதே. மைக்கிற்கு முன் அறையைப் பாருங்கள். 1990இல் இடம்பெயர்ந்தோர் காங்கேசன்துறைக்குத் திரும்பிவந்து கட்டிய புதுவீடுகள் பலவற்றில் வெறுஞ் சீமெந்துச் சுவர்தான். கைதட்டினால் ஓசை கணகணவென்று நீளும். அது பதிவில் ஏறிவிட்டால் பிரித்தெடுப்பது கடினம். மெத்தையும் துணி நிறைந்த அலுமாரியும் உள்ள படுக்கையறையே நல்லது. முட்டைத் தட்டு ஒட்டுவது வீண்வேலை. துணியும் எதிரொலியைத்தான் அடக்கும். கடலிரைச்சலையோ, 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதத்தின் ஓசையையோ தடுக்காது. அதற்குக் கனத்த சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். ஊர் அடங்கியபின், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுவது செலவில்லாத வழி.

இத்தகைய அறைக்கு, சிற்றொலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கைவிட, வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக் உகந்தது. 1966இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இன்றும் மேடைகளில் உண்டு. கணினியோடு இணைக்க ஓர் ஓடியோ இன்டர்பேஸ், ஒரு ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி மென்பொருள் ஆகியவை தொடங்கப் போதும். ஒலிமானி சிவப்பைத் தொட விடாதீர்கள். உடைந்த குரலைச் சீராக்குவது அரிது.

வெளிநாட்டு மாமா காசு அனுப்பட்டும் என்று காத்திருக்கிறீர்களா? அம்மம்மாவுக்கு வயது ஏறுகிறது. அவர் பாடும் தாலாட்டைக் கைத்தொலைபேசியிலாவது இந்த வாரமே பதிந்து வையுங்கள்.