தொழுகை நேரம் காட்டும் செயலியும் நம் இருப்பிடமும்

வக்து பார்க்கவும் கிப்லா அறியவும் கைப்பேசியில் ஒரு செயலி இல்லாத வீடு நம் மஹல்லாவில் இன்று குறைவு. அது முதலில் கேட்பது நாம் இருக்கும் இடத்தை. ஊருக்கு ஊர் வக்து மாறுவதால் கேட்பதில் தவறில்லை. நாம் அமானிதமாகக் கொடுத்த அந்த விவரம் பிறகு எங்கே போகிறது?

2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 9 கோடிக்கும் மேல் பதிவிறக்கமான 'முஸ்லிம் ப்ரோ' செயலியிலிருந்து பயனாளர்களின் இருப்பிட விவரம் எக்ஸ்-மோடு என்ற தரவு வியாபார நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. செயலிக்குள் பொதிந்திருந்த அந்நிறுவனத்தின் சிறு நிரல்தான் அதை அனுப்பியது. ஒப்பந்தக்காரர்கள் வழியே அமெரிக்க ராணுவத்துக்குத் தரவு விற்பதை, செனட்டர் ரான் வைடனின் அலுவலகத்திடம் எக்ஸ்-மோடின் வழக்கறிஞர்களே ஒப்புக்கொண்டிருந்தனர். செய்தி வந்ததும் முஸ்லிம் ப்ரோ அந்த உறவை முறித்துக்கொண்டது.

இதில் சட்டத்தின் ஓட்டை எது என்று பார்ப்போம். தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஒருவரின் பழைய நடமாட்டத்தைப் போலீஸ் பெற, பொதுவாக நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்று 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே போன்ற விவரத்தைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கினால்? அங்கே வாரண்ட் தேவையில்லை என்று அரசுத் துறைகள் வாதிட்டன. இதை அடைக்க வைடன் கொண்டுவந்த மசோதா போன்ற ஒன்று 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 219க்கு 199 என்று நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. அதே ஆண்டு ஜனவரியில், வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்குச் சென்றுவந்த விவரத்தை விற்க எக்ஸ்-மோடுக்கும் அதன் வாரிசு நிறுவனத்துக்கும் மத்திய வர்த்தக ஆணையம் தடை விதித்தது. மூன்று ஆண்டுக்குப் பின் வந்த தடை!

நம் நாட்டில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தெளிவான சம்மதம் வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஆனால் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்களிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த மாதிரி இருக்கிறது.

வக்து கணக்கிட ஊர்ப் பெயர் போதும். வீட்டு வாசல்வரை காட்டத் தேவையில்லை. கைப்பேசி அமைப்பில் இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டு, செயலியில் ஊரைக் கையாலேயே தேர்ந்தெடுக்கலாம். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் இதைப் பிள்ளைகள் செய்துகொடுங்கள். அதுவரை பள்ளிவாசல் சுவரில் தொங்கும் அட்டவணை இருக்கிறது. அது யாருடைய முகவரியையும் கேட்பதில்லை.