வீட்டை விற்கப் போகிறீர்களா?

* சுவரில் ஓதம் இருந்தால், முதலில் கசியும் குழாயையோ மொட்டை மாடி விரிசலையோ சரிசெய்யுங்கள்; பெயின்ட் பிறகுதான். ஓரிடத்தில் மட்டும் புதுப் பூச்சு தெரிந்தால் சந்தேகம்தான் வரும்.

* அறைகளுக்கு வெளிர் நிறமே நல்லது. அடர்நிறச் சுவர் அறையைச் சிறிதாகக் காட்டும்.

* பூட்டிக் கிடந்த வீடா? குளியலறைத் தரைவடிகாலில் தேங்கியிருக்கும் நீர் வற்றினால் சாக்கடை வாடை மேலேறும். ஆட்கள் வருவதற்கு முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

* பரண், பால்கனியில் அடைத்துவைத்த பழைய சாமான்களைக் கழித்துவிடுங்கள். காலி இடம்தான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்.

* கிறீச்சிடும் கதவு, சொட்டும் குழாய், எரியாத பல்பு எல்லாம் சில்லறைச் செலவு. ஆனால், விலையைக் குறைத்துக் கேட்க அவையே சாக்கு.

* வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். மேல்தொட்டி நிறைந்திருக்கட்டும், குழாயைத் திறந்து பார்ப்பார்கள்.

* தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரே ஃபைலில் வையுங்கள். அசலைக் காட்டலாம், கையில் கொடுத்தனுப்பாதீர்கள்.