பொறியும் பொழுதும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது தென்காசி. அதற்கு அணித்தாகவே அருவி பாயும் குற்றாலம் உள்ளது. ஆனியும் ஆடியும் பிறந்தால் சாரல் வீசும். அருவியில் நீராட வருவோரின் வண்டிகள் சாலைகளை நிறைக்கும். அவற்றுட் சில செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கேரள நாட்டிற்குச் செல்லும்.

சமவெளியில் அமைதியாக ஓடிவந்த பழைய கார் ஒன்று, புளியரை வளைவுகளில் ஏறும்பொழுது, சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற ஓசையை எழுப்புவதுண்டு. மெக்கானிக்குகள் இதனை ‘நாக்கிங்’ என்பர். எஞ்சின் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் ஓசை இது. இதற்குரிய காரணங்களுள் முதன்மையான ஒன்று, தீப்பொறி உரிய பொழுதிற்கு முன்னரே எழுதலாகும்.

பெட்ரோல் எஞ்சின் இயங்கும் முறையை அறிந்தால் இது விளங்கும். 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய நிக்கலாஸ் ஓட்டோ என்பவர் நான்கு வீச்சு எஞ்சினைச் செவ்வனே இயங்கச் செய்தார். முதல் வீச்சில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் இழுக்கப்படுகிறது. இரண்டாவதில் பிஸ்டன் மேலேறி அதனை இறுக்குகிறது. பின்னர் ஸ்பார்க் பிளக்கில் பொறி எழ, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இதுவே மூன்றாம் வீச்சு. நான்காவதில் புகை வெளியேறுகிறது. வண்டியை ஓட்டும் வலிமை மூன்றாம் வீச்சில்தான் பிறக்கிறது.

ஆயின், பிஸ்டன் உச்சியை அடைந்த அக்கணத்திலேயே பொறி எழுதல் வேண்டுமா? அன்று. கலவை ஒரே நொடிப்பில் எரிந்துவிடுவதில்லை. பொறி எழுந்த இடத்திலிருந்து தீ சிறிது சிறிதாகப் பரவுகிறது. நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் எஞ்சின், ஒரு வினாடியில் 50 முறை சுழலும். ஒரு சுழற்சிக்கு 360 பாகை ஆதலின், 30 பாகை சுழல ஒரு வினாடியில் 600இல் ஒரு பங்கே ஆகும். தீ பரவுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சில பாகை முன்னரே பொறியை எழுப்புகின்றனர். அப்பொழுதுதான் பிஸ்டன் உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கியதும் அழுத்தம் மிகுந்து நிற்கும்.

ஊஞ்சல் ஆட்டுவோர் இதனை எளிதில் உணர்வர். ஊஞ்சல் பின்னே வந்து திரும்பும் பொழுதில் தள்ளினால் அது உயர எழும். வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் கை நோகும், ஊஞ்சலும் தடைப்படும். காலந்தாழ்த்தித் தள்ளினாலோ முயற்சி வீணாகும். பொறியும் அத்தகையதே. அது மிகவும் முந்தினால், மேலேறும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்து அழுத்தும். தீ இன்னும் சென்று சேராத கலவையும் வெம்மை தாளாது ஒருசேர வெடிக்கும். புளியரை ஏற்றத்தில் எழும் ஓசை இதுவே. அது பிந்தினால், வலிமை குன்றி எஞ்சின் சூடேறும்.

ஏற்றத்தில் எஞ்சினின் சுழற்சி குறைகிறது. எனவே தீ பரவி முடிவதற்குள் அது சுழலும் பாகையும் குறைகிறது. ஆகலின் அங்கே பொறி சற்றுப் பிந்துதல் வேண்டும். 1908ஆம் ஆண்டில் வெளிவந்த போர்டு ‘டி’ வண்டியில் இதற்கென ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. ஓட்டுநர் எஞ்சினின் ஓசையைக் கேட்டு, அதனைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்துவார். அதனைப் பின்தள்ளாமல் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினால், கைப்பிடி எதிர்ப்புறமாக உதைத்து மணிக்கட்டை முறித்துவிடுவதும் உண்டு. இக்காலத்து வண்டிகளில் இவ்வேலையைக் கணிப்பொறியே செய்கிறது.

எரிபொருள் மாறினால் பொழுதும் மாறும் என்பதைத் தமிழ்நாடு இரண்டாம் உலகப் போரின்போது நேரில் கண்டது. அந்நாளில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்நாட்டு எண்ணெய் வருவதும் நின்றது. அப்பொழுது பேருந்துகள் மரக்கரியைக் கொண்டு ஓடின. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவிய டி.வி.எஸ். நிறுவனம் இதற்கெனக் கரிவாயுக் கருவியைச் செய்து அளித்தது. பேருந்தோடு இணைத்த கொள்கலத்தில் கரி குறைந்த காற்றில் எரியும். அதினின்று எழும் வாயுவே எஞ்சினுக்கு உணவு. அதில் ஏறத்தாழச் சரிபாதி எரியாத நைட்ரஜன். ஆகவே அது மெல்ல எரிந்தது. பெட்ரோலுக்கு உரிய பொழுதில் பொறி எழுந்தால் வண்டியின் வலிமை மிகவும் குன்றும். 10 முதல் 15 பாகை வரை அதனை முற்படச் செய்தல் வேண்டியிருந்தது. அவ்வாறு செய்தும் வலிமை குறைந்தே நின்றது; ஏற்றங்களில் பயணிகள் இறங்கி நடக்க நேர்ந்ததும் உண்டு.

இதற்கு நேர்மாறானது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு. 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி இதனைக் கண்டறிந்தார். 1799இல் ஹம்ப்ரி டேவி இதனை முகர்ந்து ஆராய்ந்தார்; இது சிரிப்பூட்டும் வாயு எனப் பெயர் பெற்றது. பின்னர்ப் பல் பிடுங்குவோர்க்கு நோவு தோன்றாதிருக்கவும் பயன்பட்டது. இது தானே எரிவதன்று. எரிதலுக்குத் துணை நிற்பது. காற்றின் எடையில் 23 விழுக்காடே ஆக்சிஜன். இதிலோ 36 விழுக்காடு. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெம்மையில் இது பிரிந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. அதற்கேற்பப் பெட்ரோலும் மிகுதியாக ஊட்டினால் எஞ்சினின் வலிமை பெருகும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் சில, காற்று மெலிந்த உயரங்களில் இதனைப் பயன்படுத்தின. இந்நாளில் பந்தயக் கார்களில் இது இடம்பெறுகிறது.

இவ்வாயு கலந்த கலவை விரைந்து எரியும். ஆகவே பொறியைப் பிற்படச் செய்தல் இன்றியமையாதது. கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் ஏறத்தாழ 2 பாகை என்பது பந்தய மெக்கானிக்குகள் கொள்ளும் தொடக்க அளவு. பின்னர் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தையும் எஞ்சினின் ஓசையையும் ஆராய்ந்து திருத்துவர். இதனைச் செய்யாது வாயுவை மட்டும் திறந்துவிட்டால், சில நொடிகளிலேயே பிஸ்டனின் தலை உருகித் துளைபடவும் கூடும். பொதுச்சாலையில் இம்முயற்சிக்கு இடமில்லை. பதிவு பெற்ற வண்டியை அதனைச் செய்தோர் வகுத்த அமைப்பினின்று மனம்போல் மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது.

மெல்ல எரியும் கரிவாயுவிற்குப் பொறி முந்துதல் வேண்டும். விரைந்து எரியும் கலவைக்குப் பிந்துதல் வேண்டும். இரண்டிற்கும் அடிப்படை விதி ஒன்றே: பிஸ்டன் இறங்கத் தொடங்கும் பொழுதில் அழுத்தம் மிகுந்திருத்தல் வேண்டும். வலிமையைப் பெருக்க விரும்புவோர் அதற்குரிய பொழுதையும் திருத்திக்கொள்ள வேண்டும். அன்றேல், பெற்ற வலிமையே பெற்ற பொருளை அழித்துவிடும்.

பயிற்சி

1. பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்னரே பொறியை எழுப்புவது ஏன்?
2. மலையேறும் வண்டிக்குப் பொறி பிந்துதல் வேண்டும் என்பதற்குக் காரணம் யாது?
3. கரிவாயு, நைட்ரஸ் ஆக்சைடு ஆகிய இரண்டும் பொறியின் பொழுதை எவ்வாறு மாற்றுகின்றன? ஒப்பிட்டு எழுதுக.