நொய்யல் ஆறு புகட்டும் பாடம்

ஓடுகிற ஆறு எவ்வித அழுக்கையும் தானே போக்கிக்கொள்ளும் என்பது குடியானவர்களிடையே நெடுநாளாக நிலவிவரும் நம்பிக்கை. இதில் பாதி உண்மை, பாதி பிழை. பிழையான பாதியை நொய்யலின் சரித்திரம் நன்கு விளக்கும்.

வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகும் இவ்வாறு, கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களைக் கடந்து, சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் காவேரியில் கலக்கிறது. மழை குறைந்த கொங்கு நாட்டில் வெள்ளம் சில நாட்களே வரும். ஆகவே, முன்னோர் அணைக்கட்டும் வாய்க்காலும் அமைத்து, அந்நீரைக் குளங்களுக்குத் திருப்பினர். உக்கடம் பெரியகுளமும் சிங்காநல்லூர்க் குளமும் இவ்வகையின. குளம் நிறைந்தால் சுற்றுப்புறக் கிணறுகளும் ஊறின.

நகரங்கள் பெருகவே, சாக்கடை நீர் ஆற்றில் விழலாயிற்று. பின்னர்த் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் ஓங்கி, லட்சக்கணக்கானோருக்கு ஜீவனம் அளித்தது. ஆனால் பருத்தி நூலில் சாயம் பற்றுவதற்கு ஏராளமான உப்பு வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்காது. கழிவு நீருடன் வெளியேறும். சாக்கடை அழுக்கு நாளடைவில் மக்கும், உப்போ மக்காது. சுண்ணாம்பிட்டுத் தெளியவைத்தால் நிறம் நீங்குமே தவிர உப்பு நீங்காது. பார்வைக்குத் தெளிந்த நீர் பயிருக்கு நல்ல நீராகிவிடாது.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992ஆம் ஆண்டில் பாசனத்திற்காக அணை கட்டப்பட்டது. அதில் சாயக்கழிவு நீரே தேங்கிற்று. அணையால் பயனடைய வேண்டிய குடியானவர்களே அதில் நீர் தேக்கலாகாதென்று முறையிட்டு, நியாயஸ்தலத்தை நாடும்படி நேர்ந்தது. கழிவு நீரை முற்றிலும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின், உப்பைப் பிரித்தெடுத்து நீரை மறுபடி உபயோகிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால், சுமார் 200 கிலோ உப்பு நிலத்தில் சேரும். பத்துத் தண்ணீருக்கு 2 டன் ஆகும். நீர் ஆவியாகும், உப்பு தங்கும். அதிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் குலைத்து, நிலத்தை இறுகச் செய்யும்.

ஆற்றோரக் குடியானவர்கள் கைக்கொள்ள வேண்டியவை:

1. கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் கிணற்று நீரைப் பரீட்சை செய்விக்கவும். பம்பு சிறிது நேரம் ஓடிய பிறகு, அந்நீராலேயே கழுவிய புட்டியில் 1 லிட்டர் பிடித்து அனுப்புக.

2. மின்கடத்து திறன் 0.7 டெசிசைமன்ஸுக்குக் குறைந்தால் கவலையில்லை. 3-க்கு மேற்பட்டால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது.

3. இடைத்தரமான நீருக்குப் பருத்தி போன்ற பயிர்கள் தாங்கும்; அவரையும் வெங்காயமும் தாங்கா.

4. சோடியம் மிகுந்த நிலத்திற்கு மண் பரீட்சையில் கண்ட அளவு ஜிப்சம் இடுக. வடிகால் வெட்டி, மழைநீரைத் தேக்கி வடித்தாலன்றி ஜிப்சத்தால் பயனில்லை. பின்னர்த் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுக.

நெசவும் உழவும் ஒரே ஆற்றை நம்பியவை. மேலூரார் கழித்துவிட்ட உப்பு கீழூரார் வயலில் நிற்கும். அதனை ஆற்றில் சேராமல் தடுப்பது எளிது. நிலத்தில் சேர்ந்தபின் நீக்குவது பல ஆண்டு வேலை. ஆகவே, ஊர்தோறும் குடியானவர்கள் ஒன்றுகூடி, தங்கள் கிணறுகளின் பரீட்சை முடிவுகளை ஆண்டுதோறும் குறித்து வைத்து வருவார்களாக. முறையிட நேர்ந்தால் அக்குறிப்பே அவர்களுக்குத் தக்க சாட்சியாகும்.