திருவல்லிக்கேணிச் சாப்பாட்டுக் கடைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு பக்கம் பார்த்தசாரதி சுவாமி கோயிலும், மறு பக்கம் 1795-இல் ஆற்காட்டு நவாபு குடும்பத்தார் எழுப்பிய பெரிய பள்ளிவாசலும் நிற்க, இடையே சமையலறை இல்லாத ஒற்றை அறைகளைப் பிரம்மசாரிகளுக்கு வாடகைக்கு விடும் மேன்ஷன்கள் நெருங்கிக் கிடக்கும் திருவல்லிக்கேணியில், வெளியே சாப்பிடுவது என்பது உல்லாசமல்ல, அன்றாட ஜீவனம். காலையில் இட்லிக் கடை, மத்தியானம் மெஸ், சாயங்காலம் பேக்கரியில் ஒரு டீயும் பப்ஸும், இரவில் பிரியாணி என்று பிறர் கையால் சமைத்ததையே உண்டு வருஷக்கணக்காக வாழ்கிறவர்கள் இங்கே ஏராளம். அப்படி வாழ்கிறவர்களிடையே, எதைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது என்பதைப் பற்றி ஒரு வாய்மொழிச் சாஸ்திரமே வளர்ந்திருக்கிறது. அந்தச் சாஸ்திரம், பயப்பட வேண்டாதவற்றைக் கண்டு மிரண்டு, பயப்பட வேண்டியவற்றைச் சந்தோஷமாக இலையில் வாங்கிக்கொள்கிறது என்பதுதான் எனக்குள்ள பெரிய வருத்தம்.

முதலில் இட்லி. ஹோட்டல் இட்லி பூப்போல இருந்தால் அதில் சோடா உப்பு போட்டிருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது பலருக்கு வழக்கம். உளுந்தை வேண்டிய அளவு சேர்த்து, அது பொங்கப் பொங்க ஆட்டி, ஓர் இரவு புளிக்க வைத்த மாவில், லியூகோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிரிகள் பெருகிக் கரியமிலவாயுவை வெளியிட, உளுந்தின் பசையும் புரதமும் அந்த வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் இட்லி உப்புகிறது. இதற்குச் சோடாவின் தயவு தேவையில்லை. 1948 முதல் சாம்பாரில் மிதக்கும் இட்லிக்குப் பிரசித்தி பெற்ற ரத்னா கபே இந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. அங்கே ஸ்பூனால் விண்டால் விழும் இட்லி, மாவரைக்கும் வித்தையின் பெருமை. மாவு புளிக்கக் காத்திராமல் அவசரத்துக்குச் சோடா சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அங்கே இட்லி லேசாக மஞ்சளித்திருக்கும், நாக்கில் சோப்புச் சுவை தட்டும், உளுந்திலுள்ள பி-1 வைட்டமினும் நஷ்டமாகும். ஆனால் அது விஷமன்று, சோம்பேறித்தனம்.

இட்லியைவிட அதிகமாகத் தூற்றப்படுவது அஜினமோட்டோ. 1908-இல் ஜப்பானிய ரசாயன அறிஞர் கிகுனே இக்கேடா, கடற்பாசிக் கஷாயத்தின் சுவைக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்து பிரித்தெடுத்த குளுட்டமேட் என்ற உப்புதான் அது. நம் வீட்டு ரசத்துக்காகக் கரைத்துவிடும் தக்காளிப் பழத்திலும் அதே குளுட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது. 1968-இல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில், சீன ஹோட்டலில் சாப்பிட்ட பிறகு தமக்குக் கழுத்து மரத்துப் படபடப்பு ஏற்படுகிறது என்று ஒரு டாக்டர் எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பிய பீதி, அதன் பிறகு, எதை உண்கிறோம் என்பது உண்பவருக்கும் கொடுப்பவருக்கும் தெரியாதபடி நடத்திய பரீட்சைகளில் உறுதிப்படவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட ரத்த அழுத்தக்காரர் இதையும் குறைக்க வேண்டும், இதிலும் சோடியம் இருப்பதால். மற்றவர்கள் ஃப்ரைடு ரைஸ் தட்டைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியது வேறொரு விஷயத்துக்காக.

அந்த விஷயம் நேரமும் சூடும். சோறு ஆறிக் கிடக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஹோட்டலுக்குப் போகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அரிசியில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. வடித்த சாதம் மத்தியானம் முதல் சாயங்காலம் வரை அகலமான தட்டில் வெறுமனே கிடந்தால், அந்த வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைக் கக்கிவிடுகின்றன. அப்புறம் அந்தச் சாதத்தைப் பெரும் தீயில் எவ்வளவு புரட்டினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. ஆவி பறக்கப் பரிமாறினால் பயமில்லை என்ற நம்பிக்கை இங்கேதான் நம்மைக் கைவிடுகிறது. சமைத்த உணவு ஐந்து டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும், அல்லது அறுபது டிகிரிக்கு மேலே சூடாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலே எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதே கேள்வி. பிரியாணி அண்டா மத்தியானம் தம் உடைத்த சமயத்தில் கொதித்துக்கொண்டிருந்திருக்கும்; அதே அண்டாவின் அடியில் இரவு பதினொரு மணிக்குச் சுரண்டி எடுப்பது, அடுப்பில் தணல் இல்லாதிருந்தால், வெதுவெதுப்பில் மணிக்கணக்காக ஊறியதாகும். கூட்டம் உள்ள கடையில் சாப்பிடு என்று நம் பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது: விற்றுத் தீர்கிற இடத்தில் பண்டம் தங்குவதில்லை.

எலுமிச்சம்பழம் பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பி, வெங்காயத்தின் மேல் பிழிந்துகொண்டு நிம்மதி அடைகிறோம். பிழிந்த சாற்றின் புளிப்பு அவ்வளவு சீக்கிரம் கிருமிகளைக் கொல்லாது. ஷவர்மாவோடு தரும் மயோனைஸிலும் எலுமிச்சையோ வினிகரோ உண்டு. இருந்தும் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸில் சால்மோனெல்லா கிருமி பிழைத்திருக்கக்கூடும் என்பதால்தான், 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு அதைத் தடை செய்தது. 2023-இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பதினான்கு வயதுச் சிறுமி இறந்துபோனாள். சுழலும் கம்பியில் வெளிப்புறம் சிவந்து உள்ளே வெந்தும் வேகாமலும் இருக்கும் இறைச்சியை, கூட்டம் நெருக்குகிறது என்பதற்காக ஆழமாகச் சீவிக் கொடுப்பது எவ்வளவு கொடிய அசிரத்தை என்பதைச் சொல்ல வார்த்தை போதாது. சீவிய துண்டுகளைக் கல்லின் மேல் மறுபடி வாட்டிக் கொடுக்கும் கடையைத் தேடிப் போங்கள்.

ஹோட்டலில் கேட்டு வாங்கும் 'வெந்நீர்' பற்றியும் ஒரு வார்த்தை. கொதித்து ஆறிய நீர் வேறு. கொதிநீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து குடிக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்த நீர் வேறு. பின்னது பச்சைத் தண்ணீருக்குச் சமானம்.

இனி எண்ணெய். வாணலியில் எண்ணெய் கறுத்திருந்தால் கெட்டது, பொன்னிறமாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறோம். கடலைமாவு உதிர்ந்து கருகினாலே புது எண்ணெயும் ஒரு மணி நேரத்தில் கறுக்கும். வடிகட்டி, புது எண்ணெய் ஊற்றி, நிறத்தை மாற்றிவிடவும் முடியும். உண்மையான அளவுகோல், பலமுறை காய்ந்ததால் எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள்; அவை நூற்றுக்கு இருபத்தைந்து பங்கைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் சட்டம் சொல்கிறது. நாம் கருவி எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் பஜ்ஜி மாஸ்டர் வாழைக்காய்ச் சீவலை மாவில் தோய்த்துப் போடுகிறபோது சற்று நின்று கவனிக்கலாம்: நல்ல எண்ணெயில் பஜ்ஜியைச் சுற்றிப் பெரிய குமிழிகள் எழுந்து சடுதியில் உடையும், கெட்ட எண்ணெயில் சோப்பு நுரை போன்ற சிறு குமிழிகள் விளிம்பு வரை பரவி அடங்காமல் நிற்கும், தீ அதிகமில்லாமலே புகை கிளம்பும், கண் கரிக்கும். அடுத்து அவர் ஜல்லிக்கரண்டியால் அள்ளி எங்கே போடுகிறார் என்று பாருங்கள். பழைய நாளிதழின் மேல் போட்டு, எண்ணெயை அது உறிஞ்சிவிட்டது, இனி உடம்புக்கு நல்லது என்று கொடுத்தால், அச்சு மையின் சாயமும் அதிலுள்ள உலோகங்களும் சூடான எண்ணெயில் கரைந்து பஜ்ஜியோடு வருகின்றன. உணவை நாளிதழில் பொட்டலம் கட்டுவது சட்டப்படியே தடுக்கப்பட்டது. வாழையிலைக் கிழிசல் கேளுங்கள். எந்த டீக்கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேக்கரிக்கு வருவோம். மைதாவில் அலாக்சன் என்ற ரசாயனம் கலக்கிறார்கள், அதுவே சர்க்கரை வியாதிக்குக் காரணம் என்பது, பரோட்டாக் கடை முதல் பப்ஸ் தட்டு வரை துரத்தி வரும் வதந்தி. பரிசோதனைச் சாலையில் எலிகளுக்கு ஊசி மூலம் பெரிய அளவில் அலாக்சனைச் செலுத்தி நீரிழிவை உண்டாக்குகிறார்கள் என்பது மெய். மாவு ஆலைக்காரர் அதை வாங்கி மைதாவில் கொட்டுகிறார் என்பது பொய். மைதாவின் குற்றம் வேறு: தவிடும் முளையும் நீங்கி நார்ச்சத்து இழந்த மாவு அது, சீக்கிரம் ஜீரணமாகி ரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றும். வதந்தியைப் பரப்புகிறவர்கள் இந்த எளிய உண்மையைச் சொல்லியிருந்தால் போதுமே!

நிறம் பழுப்பாக இருந்தால் கோதுமை ரொட்டி என்று எண்ணி இரண்டு மடங்கு விலை கொடுக்கிறார்கள். பழுப்பு நிறத்தைச் சர்க்கரைக் கருகல் சாயமும் தரும். உறையின் பின்புறம் சேர்மானங்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த வரிசையில் முதலில் மைதா இருந்தால் அது மைதா ரொட்டியே. அதே வரிசையில் பொட்டாசியம் புரோமேட் என்ற பெயர் இன்று இருக்கக் கூடாது. 2016-இல் டெல்லியில் விற்ற 38 வகை ரொட்டி, பன்களைச் சோதித்ததில் நூற்றுக்கு 84-இல் அதுவோ பொட்டாசியம் அயோடேட்டோ இருந்ததாக ஓர் ஆய்வு நிறுவனம் வெளியிட்டதும், அந்த வருஷமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. ஜனங்கள் குரல் எழுப்பினால் சட்டம் மாறும் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

வாங்கி வந்த ரொட்டியைப் பிரிட்ஜில் வைத்தால் புதிதாகவே இருக்கும் என்பது வீட்டு நம்பிக்கை. உறைநிலைக்குச் சற்று மேலான அந்தக் குளிரில்தான் ரொட்டியின் மாவுச்சத்து மிக வேகமாக இறுகி விறைக்கிறது. வெளியே வைத்தால் மெத்தென்று இருக்கும், ஆனால் சென்னைப் புழுக்கத்தில் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே நாளைக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்து, மீதியைத் துண்டு துண்டாக உறையறையில் இட்டு, வேண்டியபோது கல்லில் வாட்டி எடுப்பதே சிலாக்கியம். பூஞ்சை ஒரு துண்டில் கண்டால் அதை மட்டும் கிள்ளி எறிவதும் தவறு. கண்ணுக்குத் தெரியாத இழைகள் பக்கத்துத் துண்டுகளிலும் ஊடுருவியிருக்கும். பிறந்தநாள் கேக்கின் மேலுள்ள வெள்ளை நுரையைப் பால் கிரீம் என்று குழந்தைகளுக்கு ஊட்டுகிறோமே, பெரும்பாலான கடைகளில் அது தாவரக் கொழுப்பில் அடித்த கிரீம். அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு என்ற பெரிய கேட்டை, 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கூடாது என்ற விதி கட்டுப்படுத்துகிறது.

சிக்கன் 65-க்கு அறுபத்தைந்து நாள் கோழி, அறுபத்தைந்து மிளகாய் என்றெல்லாம் கதை கட்டுவார்கள். மவுண்ட் ரோடில் 1951-இல் தொடங்கிய புகாரி ஹோட்டலார், 1965-இல் தாங்கள் அறிமுகம் செய்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். சிக்கன் 78, 82 என்று பிற்கால வருஷங்களின் பெயரில் அவர்கள் பட்டியலில் வேறு பண்டங்களும் இருப்பதால், அந்தக் கூற்றே நம்பத்தக்கது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தை அதிகமாக உறுத்தும் ஒரு நம்பிக்கை உண்டு: அந்தக் காலத்து ஹோட்டல்களில் சுத்தமும் ஆசாரமும் எல்லோருக்கும் சமமான உபசரணையும் இருந்தன, இன்று எல்லாம் கெட்டுவிட்டன என்பது. பொது உணவு விடுதிக்குள் நுழைய எவரையும் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்று 1950-இல் அரசியல் சட்டம் விதித்த பிறகும், ஹோட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் கோரி 1957-இல் பெரியார் தொடங்கிய மறியல், இதே திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் மாதக்கணக்காக நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதாகிச் சிறை சென்றனர். பிறகுதான் அந்தப் பலகை மாறிற்று. இன்று யாரும் எந்த மேஜையிலும் உட்கார்ந்து காபி கேட்கலாம் என்பது, அந்தக் காலம் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனதல்ல; போராடி வாங்கியது. சுத்தத்தைப் பொறுத்தமட்டில், அக்காலத்தில் எண்ணெயை அளந்து பார்த்தவர் இல்லை, உறையில் சேர்மானம் அச்சிட்டவரும் இல்லை.

பில்லைப் பற்றிய பிரமைகள் இரண்டு. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறோம். அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் ஆணையம் விதித்ததை, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் சரி என்று தீர்ப்பளித்தது. மனமுவந்து சர்வருக்குக் கொடுப்பது வேறு. அவருக்குச் சம்பளம் போதாது என்பதை அறிந்தவர்கள் அதைத் தாராளமாகவே கொடுங்கள். மற்றொன்று இதற்கு நேர்மாறு: ஹோட்டல் மேஜையில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றம் என்று சண்டை போடுகிறோம். உபசரணையும் சேர்ந்த விற்பனை என்பதால் அது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறிவிட்டது. கடைத்தெருவில் மளிகைக்காரர் அதிகம் கேட்டால் மட்டுமே உங்கள் சண்டை செல்லும்.

பில்லில் பதினான்கு இலக்கமுள்ள உணவுப் பாதுகாப்பு உரிம எண் 2022 முதல் கட்டாயம். அந்த எண் இருப்பதால் மட்டும் சமையற்கட்டு இன்று சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் புகார் செய்ய அது ஒரு பிடி. கெட்ட உணவைக் கண்டால் நண்பர்களிடம் புலம்பிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடாதீர்கள். நாளைக்கு அதே மேஜையில் உட்காரப் போகிற பையனுக்காகவாவது, கடையின் பெயர், இடம், நாள், நேரம், பில்லின் படம் ஆகியவற்றைத் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணான 94440 42322-க்கு அன்றைக்கே அனுப்புங்கள்.