சந்தை சரியும்போது எஸ்ஐபி-யை நிறுத்தலாமா?

காலையில் போனைத் திறந்தால் மியூச்சுவல் பண்ட் ஆப் முழுக்கச் சிவப்பு. போட்ட பணத்தைவிட இருப்பு குறைவாகக் காட்டுகிறது. "இருக்கிறதையாவது காப்பாத்திக்கலாம்" என்று பலருக்கும் கை முதலில் போவது எஸ்ஐபி-யை ரத்து செய்யும் பட்டனுக்குத்தான்.

அதை அழுத்தும் முன் 2020-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கு தொடங்கிய வாரம் அது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் நிஃப்டி 50 குறியீடு சுமார் 13 சதவீதம் சரிந்து 7,610-ல் முடிந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அது 12,300-க்கு மேல் இருந்தது. அதாவது 100 ரூபாய், இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 62 ரூபாய். அன்று விற்றுவிட்டு ஒதுங்கியவர்களுக்கு அந்த நஷ்டம் அப்படியே நின்றுவிட்டது. காத்திருந்தவர்கள், நவம்பரில் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியதைப் பார்த்தார்கள்.

இதை வைத்து, "எட்டு மாசத்துல எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட முடியாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ், அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. திரும்ப 21,000-ஐத் தொட 2010 தீபாவளி வரை ஆனது. அப்போதும் அங்கே நிலைக்கவில்லை. ஜப்பானின் நிக்கி குறியீடோ 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. 'நீண்ட காலம்' என்றால் எத்தனை வருஷம் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

சந்தை எப்போது ஏறும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் பணம் உங்களுக்கு எப்போது தேவை என்பது உங்களுக்குத் தெரியும். முடிவை அதை வைத்து எடுங்கள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அடுத்த ஜூனில் காலேஜ் பீஸ் கட்டணும் என்றால் அந்தப் பணம் பங்குச் சந்தையில் இருக்கவே கூடாது. அதற்கு வங்கி வைப்புத்தொகை, அஞ்சலக டெபாசிட் போதும். திடீர் மருத்துவச் செலவுக்கான பணமும் அப்படித்தான்.

ஓய்வுக் காலத்துக்கு, இன்னும் 15 வருஷம் கழித்துத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. மாதம் 1,000 ரூபாய் போடுகிறீர்கள். முதல் மாதம் ஒரு யூனிட் 50 ரூபாய், 20 யூனிட் கிடைக்கும். அடுத்த மாதம் விலை 25 ஆகிறது, 40 யூனிட். மூன்றாம் மாதம் 40 ரூபாய், 25 யூனிட். போட்டது 3,000 ரூபாய், கையில் 85 யூனிட், மதிப்பு 3,400 ரூபாய். விலை இன்னும் பழைய 50-க்கு வரவில்லை, ஆனாலும் லாபம்! பயந்து இரண்டாம் மாதம் நிறுத்தியிருந்தால் அந்த 40 யூனிட் கிடைத்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு பல நிறுவனங்களில் பிரித்துப் போடும் பண்டுகளுக்குத்தான். தனி ஒரு கம்பெனியின் பங்கு விழுந்தால், எழுந்திருக்காமலே போகலாம். "இன்னும் விழுந்திருக்கு, இன்னும் வாங்கு" என்ற யோசனை அங்கே ஆபத்து.

வேலை போய்விட்டது, சம்பளம் தாமதம் என்றால் எஸ்ஐபி-யை நிறுத்துவதில் தப்பே இல்லை. சில மாதங்கள் மட்டும் நிறுத்திவைக்கும் வசதியைப் பல பண்ட் நிறுவனங்கள் தருகின்றன. நிறுத்துவது வேறு, எடுப்பது வேறு என்பதையும் கவனியுங்கள். எஸ்ஐபி-யை நிறுத்தினாலும் ஏற்கெனவே வாங்கிய யூனிட்கள் உங்கள் கணக்கில்தான் இருக்கும். எதுவும் சொல்லாமல் வங்கிக் கணக்கைக் காலியாக விட்டால்தான் வங்கி அபராதம் பிடிக்கும்.

"நஷ்டத்தை மீட்டுத் தருகிறோம்" என்று வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இழுப்பவர்களும் உண்டு. ஆலோசகர் என்று யார் சொன்னாலும், செபி இணையதளத்தில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பண்ட் நிறுவனத்தின் மீது புகார் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். சந்தேகங்களுக்கு 1800 22 7575 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பணத்தை ஏமாந்து அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.