சுண்டெலியும் கடற்பறவையும்



நம்ம காம்பராவுல சுண்டெலி புகுந்தா என்ன செய்யும்? அரிசியைக் கொறிக்கும், மா மூட்டையை ஓட்டை போடும். அதே சுண்டெலி, உயிரோடு இருக்கும் பறவைக் குஞ்சைத் தின்னும் இடமும் உண்டு.

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள கோஃப் தீவுதான் அது. 19ஆம் நூற்றாண்டில் கப்பல்காரரோடு அங்கே சுண்டெலி கரையேறியது. அதற்கு முன் அத்தீவில் எலி இனமே இல்லாததால், பறவைகளுக்கு அதை விரட்டத் தெரியாது. டிரிஸ்டன் அல்பட்ரோஸ் என்ற பெரிய பறவை சிறகை விரித்தால் ஏறக்குறைய 3 மீற்றர். ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். அந்த ஒற்றைக் குஞ்சை எலிகள் இரவில் கூடிக் கடிக்கும். குஞ்சோ அசையாமல் இருக்கும்.

2021இல் ஹெலிகொப்டர் மூலம் நஞ்சு கலந்த தீனியைத் தூவினார்கள். அந்த வருஷம் டிசம்பரிலேயே மறுபடி எலி தென்பட்டது. ஒரு சோடி தப்பினாலும் போதும், தீவு திரும்பவும் நிறைந்துவிடும்.

மரபணு வழி

தாய் தகப்பனின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டுபோவது மரபணு. ஒருவரிடம் உள்ள ஒரு மரபணுப் பிரதி பிள்ளைக்குப் போக வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். ஆண் சுண்டெலிகள் சிலவற்றில் உள்ள ஒரு மரபணுத் துண்டு மட்டும் 100 குட்டிகளில் 95 வரை போய்ச் சேரும். அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெண் எலியை மலடாக்கும் மாற்றத்தை இத்துண்டோடு சேர்த்து 2022இல் ஆய்வை வெளியிட்டார்கள். இப்படி 250 எலிகளை விட்டால், 2 இலட்சம் எலி உள்ள தீவு ஏறக்குறைய 20 வருஷத்தில் எலியற்றதாகும் என்பது அவர்கள் போட்ட கணினிக் கணக்கு.

"அப்படின்னா உடனே விட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அந்த எலி கப்பலேறி ஆசியாவுக்கு வந்தால் என்னாகும்? இங்கே சுண்டெலி இயற்கையின் பங்கு. ஆந்தையும் பாம்பும் அதைத் தின்றுதான் வாழ்கின்றன. விட்ட எலியைத் திரும்பக் கூப்பிடவும் முடியாது. அதனால்தான் இவ்வளவு யோசனை.

வந்த பிறகு விரட்டுவது பெரும்பாடு. வராமல் தடுப்பதே சுலபம். தொட்டியில் வளர்த்த வெளிநாட்டு மீனைப் பிள்ளைகள் ஆற்றில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குக் கேள்வி

1. கோஃப் தீவுக்குச் சுண்டெலி எப்படி வந்தது?
2. மரபணு மாற்றிய எலியை விடுமுன் ஏன் யோசிக்க வேண்டும்?